மக்கி போச்சு

அம்சா சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் அவள் புருஷன் எல்லப்பன் துப்பாக்கி ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக அவளுடைய இடம். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. புடவைக் கரை தெரியும், அவ்வளவுதான். ஆனால் வந்தவர் எந்தத் தோளில் துப்பாக்கியை மாட்டி வந்தார், எந்தக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறார், போன தடவை சொன்ன பொய்யையே இந்தத் தடவையும் சொல்கிறாரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் பிறந்தது திருக்கழுக்குன்றத்தில், தங்க வேலைக்காரர் வீட்டில். அப்பா அப்பாசாமி பத்தர் கல் கட்டுவதில் பேர் போனவர். கம்மல், நெற்றிச்சுட்டி, அட்டிகை எதுவானாலும் சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் அவர் கையில் போய்த்தான் உட்கார வேண்டும். மகளுக்கு அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும் வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று வருஷமும் அவள் எதிரே இருந்து பார்த்தாள். பார்த்ததையெல்லாம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் உடைந்த பித்தளைத் தட்டில் செய்தும் பார்த்தாள். அது அவருக்குத் தெரியாது. அவர் காலமான பிறகு அவருடைய சிற்றுளிகளைத் துணியில் சுற்றி அவள் எடுத்து வந்தது எல்லப்பனுக்குத் தெரியும். ஆனால் அது ஏதோ அப்பா ஞாபகத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அச்சரப்பாக்கத்துச் சுபேதார் ராஜாராமின் மச்சான், அவருடைய துப்பாக்கி லைசென்ஸில் பேர் சேர்த்திருந்தவர், ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் பழைய காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்று படுத்திருந்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். நீளமான, மெல்லிசான குழல். வெள்ளைக்கார மேஜர் ஒருவர் கப்பல் ஏறும்போது சுபேதாருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். கூடவே ஒரு கடுதாசி.

எல்லப்பன் அதை உரக்கப் படித்தான்.

"எல்லப்பன் ஆச்சாரிக்கு ராஜாராம் எழுதிக்கொண்டது. துப்பாக்கி மக்கிப் போச்சு. வருகிற ஞாயிறு மகாபலிபுரத்தில் ரைபிள் கிளப் பந்தயம். அதற்குள் சரி செய்து வைக்கவும். புதன்கிழமை நான் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்."

துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மக்கிப் போச்சாமே! ஒரு மண்ணும் மக்கல. மூக்குல கொஞ்சம் துரு புடிச்சிக் கீது. அதுக்கு இன்னா பேஜாரு பண்ணிக்கினு எழுதறாரு பாரு."

கடுதாசியை அம்சாவிடம் நீட்டிவிட்டு உப்புத்தாளைத் தேடப் போனான். அவள் அதை ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். சுபேதார் பேனாவை ஈட்டி மாதிரி பிடிக்கிறவர். புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் காகிதம் ஓட்டையாகிற மாதிரி குத்தியிருந்தார். எந்த ஒற்றையும் அவர் விடவில்லை. 'வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்பதில் மட்டும் ஆறு குத்து. அப்படிப்பட்டவர் ஒரே ஓர் இடத்தில் குத்தாமல் விட்டிருந்தார். எல்லப்பன் 'மக்கிப் போச்சு' என்று படித்தான். காகிதத்தில் 'மக்கி போச்சு' என்றுதான் இருந்தது. நடுவில் 'ப்' இல்லை.

அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் ஒற்றை விட்டால் விரல் முட்டியில் அடிப்பார். அந்த அடி அம்சாவுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. இந்த மனுஷர் ஒற்றை விட மாட்டாரே, ஏன் விட்டார் என்று நினைத்தாள். சொல்லலாமா என்று வாயைத் திறப்பதற்குள் பட்டறையில் உப்புத்தாள் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியைத் துடைக்கும்போது இன்னொன்றையும் பார்த்தாள். மூடியின் உள்பக்கத்து வெல்வெட்டில், குழலின் நுனி வருகிற இடத்தில், ஒரு சின்னப் பள்ளம். வருஷக்கணக்காக ஏதோ ஒன்று அங்கே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஓர் ஈ உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடம். துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் திங்கட்கிழமை ஒரு சின்ன மேடு இருந்தது. இப்போது இல்லை. எல்லப்பன் அதை வேண்டாத கட்டி என்று நினைத்து அரத்தால் ராவி, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தான்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே" என்றாள் மெல்ல.

"இருந்துச்சு. பழைய ஈயக் கட்டி. எடுத்துட்டேன். மொகம் பாத்து பொட்டு வெச்சிக்கலாம் இப்ப" என்றான் எல்லப்பன் பெருமையாக. அவனிடம் வருவதெல்லாம் வயலில் பன்றி விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கிகள். குறி பார்க்க நுனியில் ஒரு முள் வைத்திருப்பார்கள். சிலதில் அதுவும் இருக்காது. கைத்துப்பாக்கி என்று அவன் தொட்டது இது மூன்றாவதோ நாலாவதோ.

புதன்கிழமை காலையில் சுபேதார் வந்தார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருந்தது.

"இன்னா ஆச்சாரி, மக்கி ஆச்சா?"

"மக்கினதையெல்லாம் எடுத்துட்டேன் ஐயா. துளி இல்லாம."

"எடுத்துட்டியா? வெக்கச் சொன்னா எடுத்துட்டேன்ற?"

"மக்கினதைப் போய் யாராச்சும் வெப்பாங்களா ஐயா?"

"மக்கி இல்லாம நான் எப்பிட்ரா சுடறது? காத்துல பாத்தா?"

"மக்கிப் போயிருந்தா குழல் வெடிச்சுடும் ஐயா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"குழல் வெடிக்காது. அதுக்கு மின்னாடி நான் வெடிச்சுடுவேன். எடு பொட்டியை!"

எல்லப்பன் பெட்டியைத் திறந்தான். குழல் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. சுபேதார் அதை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரலால் நுனியைத் தடவினார். மீசை ஆடியது.

"அரே! ஒடஞ்சது போக அடிவேராச்சும் இருந்துச்சேய்யா. அதையும் மொழுமொழுன்னு செரைச்சி வெச்சிக் கீறியே. மக்கி எங்கய்யா? என் மக்கி எங்க?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்சாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இந்த 'மக்கி'யை அவள் கேட்டிருக்கிறாள். திருக்கழுக்குன்றம் தேரடியில் அல்வா விற்கிற பாய் விசிறியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதைத்தான் சொல்லுவார். தட்டின்மேல் வந்து மொய்க்க மொய்க்க, 'மக்கி, மக்கி' என்று விரட்டுவார்.

"ஈ" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு... ஈயைக் கேக்கறாரு."

"இன்னாது?" என்றான் எல்லப்பன்.

"ஈ. துப்பாக்கி மேல உக்காந்துக்கினு இருந்த ஈ."

"துப்பாக்கி மேல ஈ இன்னாத்துக்குடி உக்காரும்? இன்னா, பலாச்சொளையா அது?"

சுபேதார் தொடையில் ஓங்கித் தட்டினார். "யோவ், இந்துஸ்தானில மக்கின்னா ஈதான்யா! பட்டாளத்துல முள்ளை அப்பிடித்தான் சொல்லுவோம். குழல் நுனில ஈ மாதிரி உக்காந்துக்கினு கீது இல்ல, அதுக்கோசரம். பதினெட்டு வருஷம் மக்கி மக்கின்னே சொல்லிட்டு இப்ப வேற பேரு எனக்கு வாயில வரல. மக்கி போச்சுன்னு கொட்டை எழுத்துல எழுதி அனுப்பினேனே!"

எல்லப்பன் முகத்தில் ஈயாடவில்லை. கடுதாசியை எடுத்து மறுபடி படித்தான். இந்தத் தடவை சத்தம் போடாமல் படித்தான்.

சுபேதார் முக்காலியில் உட்கார்ந்தார். போன வருஷம் நடந்ததை அப்போதுதான் சொன்னார். பட்டணத்தில் ஒரு கடையில் புது முள் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். மகாபலிபுரத்துப் பந்தயத்தில் மூன்றாவது வெடிக்கே அது பறந்துவிட்டது. முட்டுக்காட்டு மிராசுதார் வெங்கடராகவன் கைகொட்டிச் சிரித்தார். ஒரு வருஷமாகச் சுபேதார் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"இந்த வருஷமும் சிரிச்சான்னு வெச்சுக்க, அன்னைக்கே சைதாப்பேட்டை கலெக்டர் ஆபீசுக்கு மனு போடறேன். ஆயுதத்தைக் கெடுத்தான்னு எழுதறேன். உன் லைசென்ஸ் ரத்து. சொல்லிட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பட்டாளத்துக்காரர் மனுவுக்கு அங்கே மரியாதை உண்டு. லைசென்ஸ் போனால் பட்டறையை இழுத்து மூடிவிட்டு உத்திரமேரூரில் அண்ணன் வண்டிப்பட்டை அடிக்கிற இடத்தில் எல்லப்பன் கூலிக்கு நிற்க வேண்டும். அண்ணன் வீட்டில் அம்சாவுக்கு நிற்கக் கதவு நிலைகூடக் கிடைக்காது.

"வெச்சுக் குடுத்துடறேன் ஐயா" என்றான் எல்லப்பன். "ஈயம் வேணாம். பித்தளைப் பொடி போட்டு உலையில ஊதிடறேன்."

"குழல் சிவந்தா கோணிக்கும். பர்மாவுல பாத்துக் கீறேன்."

"அப்ப ஒரு காடி வெட்டி, பக்கவாட்டுல முள்ளை சொருகி..."

"காடி வெட்ற அளவுக்குச் சதை எங்கய்யா கீது? குழல் நுனி எவ்ளோ மெல்லிசு பாத்தியா? பாதி கனம் போயிடும்."

துருத்திக்குப் பக்கத்தில் கரி ஒன்று சரிந்து விழுந்தது. அம்சா நிலையை விட்டுவிட்டு ஓர் அடி உள்ளே வந்தாள்.

"கல்லு கட்ற மாதிரி கட்டலாம்."

"கல்லா?" என்றார் சுபேதார்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கம்மல்ல கல்லு நிக்குது இல்லீங்க... அதை ஒட்டறது இல்ல. நெருப்பு காட்டினா கல்லு வெடிச்சுடும். சின்னதா ஒரு குழி எடுப்பாங்க. வாய் சிறுசு, உள்ளே வயிறு பெருசு. அதுல உக்கார வெச்சு, சுத்தி இருக்கிற உலோகத்தை மேல தள்ளி மூடிடுவாங்க. எத்தினி வருஷம் போட்டாலும் வுழாது. முள்ளையும் அந்த மாதிரி வெக்கலாம். நெகக்கண்ணு ஆழம் போதும். காடி வேணாம், நெருப்பும் வேணாம்."

அவள் வாழ்க்கையில் ஓர் அந்நிய ஆணிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"யாரு கட்டுவாங்க?" என்று கேட்டார் சுபேதார்.

எல்லப்பன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நான்" என்றாள்.

சுபேதார் மீசையைத் தடவினார். "கடுதாசியைப் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் இந்த வூட்ல. கட்டு. ஞாயித்துக்கெழமை காலைல மகாபலிபுரத்துக்கே எடுத்துக்கினு வந்துடுங்க. மனுவை எழுதி ஜோபுல வெச்சிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் தெரு திரும்பியதும் எல்லப்பன் வெடித்தான். "அது இரும்புடி. தங்கம் இல்ல. உங்கப்பன் உளி அது மேல வழுக்கிக்கினு போவும்."

"பழைய குழலு. இரும்பு மெத்துன்னு தேய்க்கறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் அம்சா. "உளி எனக்கு நீங்கதான் அடிச்சுத் தரணும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே துருத்தியை மிதித்தான். மத்தியானத்துக்குள் இரண்டு உளி அடித்தான். ஒன்று நேர் வாய். இன்னொன்று கோழிக்குஞ்சு அலகு மாதிரி பக்கவாட்டில் வளைந்தது, குழியின் வயிற்றை உள்ளுக்குள் குடைவதற்கு. இரண்டுக்கும் தண்ணீர் காட்டிப் பதம் ஏற்றினான். உளி அடிப்பதில் அவனுக்கு நிகராக அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அதை அவளும் சொன்னாள். அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றது.

முள்ளுக்கு எந்த உலோகம்? இரும்பை அடித்தால் குழிக்குள் விரியாது. பித்தளை விரியும், ஆனால் ஓரம் தேயும். அசல் வெள்ளி ரொம்ப மெத்து. அம்சா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து சண்டைக் காலத்து நாலணா ஒன்றை எடுத்து வந்தாள். அந்தக் காலத்துச் சர்க்கார் காசில் பாதிதான் வெள்ளி என்று ஊரே வைதது. அந்தக் கலப்பினால்தான் அது கெட்டியாக இருந்தது. அடித்தால் கொடுக்கும், அடித்த பிறகு அசையாது.

முதலில் ஓர் ஓட்டைக் குழாய்த் துண்டில் கட்டிப் பார்த்தாள். எல்லப்பன் ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினான். முள் பறந்துபோய்ச் சுவரில் பட்டு விழுந்தது. அவன் போய் அதைப் பொறுக்கி வந்து அவள் கையில் வைத்தான். அதுவே அவளுக்கு வலித்தது. குழியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வயிறு போதவில்லை. மூலையில் குடையாமல் விட்டிருந்தாள். இரண்டாவது தடவை மூலை வரைக்கும் குடைந்தாள். எல்லப்பன் சுண்டினான். பிறகு இடுக்கியால் பிடித்து ஆட்டினான். பிறகு சுத்தியலை எடுத்துப் பக்கவாட்டில் ஒரு போடு போட்டான். முள் வளைந்தது. இடத்தைவிட்டு வரவில்லை.

"அடியாத்தி" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் நிஜக் குழலில் கை வைத்தாள். மரக்கட்டையின்மேல் அரக்கைக் காய்ச்சி ஊற்றிக் குழலை அதில் அசையாமல் பதித்தாள். குறி பார்ப்பதற்காகக் குழலின் பின்னால் வெட்டியிருந்த காடியின் நடுவிலிருந்து நுனி வரைக்கும் காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து, ஒரு சுண்டு. குழலின் முதுகில் செக்கச் செவேலென்று ஒரு கோடு விழுந்தது. முள் அந்தக் கோட்டைவிட்டு மயிரிழை நகர்ந்தாலும் குண்டு ஒரு முழம் தள்ளிப் போகும். நூலை மூன்று தடவை சுண்டினாள். மூன்று கோடும் ஒன்றாக விழுந்த பிறகுதான் உளியை எடுத்தாள்.

தட்டுகிற சத்தம் மழைத்தூறல் மாதிரிதான் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பு எள்ளளவு வந்தது. எல்லப்பன் குனிந்து பார்ப்பதும் நிமிர்வதுமாக இருந்தான். குழி முடிந்ததும் நாலணாவில் வெட்டிய முள்ளின் பாதத்தை அதில் இறக்கி, மேலிருந்து அடித்தாள். பாதம் உள்ளே விரிந்து வயிற்றை அடைத்துக்கொண்டது. பிறகு சுற்றிலும் இரும்பின் விளிம்பை உளி முனையால் நகர்த்தி நகர்த்தி அதன்மேல் சாய்த்தாள். கடைசியில் கந்தகம் தேய்த்து வெள்ளியைக் கறுக்க வைத்தாள். கடற்கரை வெயிலில் மின்னினால் கண் கூசும். சுபேதார் வெளிச்சத்தில் கண்ணை இடுக்குகிறவர் என்பதை அவள் பார்த்திருந்தாள்.

"கொஞ்சம் ஒசரமா கீதே" என்றான் எல்லப்பன்.

"இருக்கட்டும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய் இறங்கினார்கள். கிளப்காரர்கள் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் பெரிய மணல்மேட்டுக்கு எதிரே பனந்துண்டுகளை அடுக்கி, அதன்முன் குறித்தாள்களை ஒட்டியிருந்தார்கள். வெள்ளைத் தாள், நடுவில் கறுப்பு வட்டம். சிவப்புக் கொடி ஒன்று கடல் காற்றில் படபடத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு மட்டும் தனிப் பந்தயம். ஆளுக்குப் பத்துக் குண்டு, அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள ஐந்து. கிளப் செக்ரட்டரி வக்கீல் ராஜகோபாலன் நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மீன்பிடி குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சவுக்கு நிழலில் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அம்சாவும் அவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

சுபேதார் முள்ளைப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார். மிராசுதார் வெங்கடராகவன் குடையோடு பக்கத்தில் வந்தார்.

"என்ன ஓய் சுபேதார், இந்த வருஷம் உம்ம ஈ எத்தனாவது வெடிக்குப் பறக்கப் போறது?"

"நீ குடையைப் புடிச்சிக்கினு தள்ளி நில்லு சாமி."

முதல் குண்டு. கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் கீழே பனந்துண்டில் தூசி கிளம்பியது. இரண்டாவது குண்டும் அங்கேயே. மிராசுதார் குடையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். "பறக்கலை ஓய், ஊர்றது! தரையோட ஊர்றது!" கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

சுபேதார் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை ஜோபுக்குப் போயிற்று. காகிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. "ஆச்சாரி!" என்றார்.

எல்லப்பன் நின்ற இடத்திலேயே சுருங்கினான். அவனுக்குப் பதில் தெரியாது. தெரிந்தவள் சவுக்கு நிழலில் நிற்கிறாள். அத்தனை ஆண்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரிய மனுஷர்கள். நடுவில் முப்பது அடி வெறும் மணல்.

அம்சா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடந்தாள்.

"ஐயா, அது நான் ஒசரமா வுட்டது." மூச்சு வாங்கியது. "முள்ளு ஒசரமா இருந்தா குண்டு கீழ போவும். ராவினா மேல ஏறும். உங்க கையும் கண்ணும் எப்பிடின்னு நான் பாத்தது இல்ல. கொறைக்கலாம் ஐயா, அப்புறம் கூட்ட முடியாது. அதுக்கோசரம் வுட்டு வெச்சேன்."

முந்தானை முடிச்சிலிருந்து சின்ன அரத்தை எடுத்தாள்.

சுபேதாரின் கை ஜோபிலிருந்து வெளியே வந்தது. குறித்தாளைப் பார்த்தார். இரண்டு ஓட்டையும் கீழேதான், ஆனால் இடமோ வலமோ ஒரு நூல் விலகவில்லை. வட்டத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேர் கீழே. பட்டாளத்துக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"ராவு" என்றார்.

"செக்ரட்டரி சார், இது என்ன நியாயம்?" என்றார் மிராசுதார்.

வக்கீல் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பந்தயக் குண்டு இன்னும் ஆரம்பிக்கலை. அதுவரைக்கும் ராவலாம், தேய்க்கலாம், பொட்டு வெச்சுப் பூவும் வெக்கலாம்."

தோட்டா இல்லாத துப்பாக்கியைச் சுபேதார் நீட்டிப் பிடிக்க, அவள் ஆறு இழுப்பு ராவினாள். மூன்றாவது குண்டு வட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே விழுந்தது. சிரிப்புச் சத்தம் குறைந்தது. இன்னும் மூன்று இழுப்பு. நாலாவது குண்டு கறுப்பின் கீழ் ஓரத்தைக் கடித்தது. அம்சா யோசித்து, ஒரே ஓர் இழுப்பு இழுத்து, வாயால் தூசியை ஊதினாள். ஐந்தாவது குண்டு வட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது.

குப்பத்துப் பெண்களில் ஒருத்தி, சந்திரம்மா என்று பேர், சவுக்கு நிழலிலிருந்து கத்தினாள்: "ராவிட்டாடி யம்மா!"

பந்தயம் தொடங்கியது. எல்லோரும் குறித்தாளைப் பார்த்தார்கள். அம்சா முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குண்டு. இரண்டாவது. மூன்றாவதுக்கு விசையில் விரல் போனபோது மிராசுதார்கூடப் பேசவில்லை. வெடித்தது. புகை விலகியது. சுபேதார் கட்டைவிரலை எடுத்து நுனியில் வைத்தார். இருந்தது. அதற்குப் பிறகு அவர் தொட்டுப் பார்க்கவில்லை. ஒன்பதாவது, பத்தாவது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. மிராசுதாருக்கு எண்பத்தெட்டு.

வக்கீல் எழுந்து வந்து, பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து முள்ளின் அடியைப் பார்த்தார். இரும்பும் வெள்ளியும் சேர்கிற கோடு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. "எந்தக் கம்பெனி வேலை இது? பட்டணத்திலா பண்ணினது?"

எல்லப்பன் தொண்டையைக் கனைத்தான். அம்சா அவன் முகத்தைப் பார்த்தாள். 'நான்தான்' என்று சொல்லிவிட்டால் யாரும் மறுத்துக் கேட்கப்போவதில்லை. லைசென்ஸ் அவன் பேரில்தான் இருக்கிறது.

"உளி என்னுது" என்றான். "கை என் பொஞ்சாதிது. ஒசரம் ஏன் வுட்டான்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

"கிளப்பிலே பதினாலு துப்பாக்கி முள் ஆடிண்டிருக்கு. எல்லாத்தையும் உங்க பட்டறைக்கு அனுப்பறேன்" என்றார் வக்கீல். அதை எல்லப்பனிடம் சொல்லவில்லை, அம்சாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு சுபேதார் பக்கம் திரும்பி, "ஏதோ மனு எழுதி வெச்சிருக்கறதாகச் சொன்னீரே, என்ன அது?" என்றார்.

சுபேதார் ஜோபிலிருந்து காகிதத்தை எடுத்தார். கிழிக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, அம்சாவிடம் நீட்டினார். "நீயே வெச்சிக்க தங்கச்சி. அடுப்புல போடு."

அவள் அடுப்பு வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே மணலில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். காற்றில் காகிதம் படபடத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை.

"ரெண்டு எடத்துல ஒத்து சாஸ்தி ஐயா" என்றாள். "மக்கியை மட்டும் சரியா எழுதிக் கீறீங்க."

சுபேதார் சிரித்த சிரிப்பில் கொடிக்கம்பத்துக் காக்கை எழுந்து பறந்தது.

அந்த வருஷக் கடைசியில் சைதாப்பேட்டையிலிருந்து புதுப்பித்த லைசென்ஸ் வந்தது. வேலை செய்வோர் என்ற இடத்தில் எல்லப்பன் பேருக்குக் கீழே இன்னொரு பேர் இருந்தது. சுபேதாரும் வக்கீலும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கேட்டிருந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டுப் பட்டறையில் 'துப்பாக்கிகளுக்கு மக்கி கட்டப்படும்' என்று ஒரு பலகை ஏறியது. போகிறவர் வருகிறவர்கள், இது என்ன, குப்பைக்கிடங்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பலகை எழுத வந்தவர் 'மக்கிக் கட்டப்படும்' என்று ஒற்றுப் போடத்தான் பார்த்தார். அம்சா கதவு நிலையிலிருந்து அல்ல, பட்டறைக்கு நடுவில் தன் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"யோவ், அங்க புள்ளி வெக்காத. வெச்சா நாறிப்போயிடும்!"